எவர்சில்வர் கரண்டியில் ஒரு ஓட்டை

என் கையெழுத்தைப் படித்து அச்சுக்குத் தட்டுகிறவருக்கு முதலில் ஒரு கும்பிடு. ஐந்தாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எந்த இடத்தில் எந்த ‘ன’ வரும் என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புதான். மோட்டாருக்குத் தாமிரக் கம்பியில் காயில் சுற்றிப் பழகிய கை, அதனால் எழுத்தும் வட்டம் வட்டமாகத்தான் வருகிறது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்தது மட்டும் நடந்தபடியே இருக்கட்டும்.

இத்தனை வாரமாக மோட்டாரையும் பம்பு செட்டையும் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் அதைவிடச் சின்ன சாமான். தீக்குச்சியை விடக் கொஞ்சம் நீளம், அதே தடிமன். டிரில் பிட், ஓட்டை போடுகிற மெஷினில் மாட்டும் முனை.

மார்கழி மாதத்து மத்தியானம். வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்டு இறக்கிய இடத்தில்தான் என் பட்டறை. மேசைமேல் சாமானைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் இருக்கிறது. அதன் வாயில் வழக்கமாக ஏதாவது இரும்பு இருக்கும். அன்றைக்கு என் மனைவியின் கால் இருந்தது.

தேவகி எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை மடியில் வைத்திருந்தாள். “கை நடுங்குதா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றேன்.

“மெஷின் இன்னும் ஓடவே இல்ல, அதுக்குள்ள ஆடுதே” என்றாள்.

கால் என்று சொன்னது

சொல்லிவிடுகிறேன். தேவகிக்குக் குழந்தையிலேயே போலியோ வந்து இடது கால் மெலிந்துவிட்டது. தொடையிலிருந்து ஷூ வரைக்கும் இரண்டு பக்கமும் எவர்சில்வர் பட்டை வைத்த காலிப்பர் போட்டுத்தான் நடப்பாள். முட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு உண்டு. நிற்கும்போது அது விழுந்து காலை நேராகப் பிடித்துக்கொள்ளும். உட்காரும்போது தூக்கிவிட்டால் மடங்கும். அதை அவள் காலிப்பர் என்று சொல்லமாட்டாள். “என் கால எடுத்துக் குடுங்க” என்றுதான் கேட்பாள்.

கார்த்திகை தீபத்தன்று அகலுக்கு எண்ணெய் ஊற்றக் குனிந்தபோது ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. வெளிப் பட்டையில் பூட்டுக்கு மேலே அடித்திருந்த ரிவிட் ஆணி, வருஷக்கணக்காக ஆடி ஆடித் தன் ஓட்டையைத் தேய்த்து முட்டை வடிவமாக்கியிருந்தது. பட்டை அசைந்தது. சமதரையில் சுவரைப் பிடித்து நடக்கலாம். படி ஏற முடியாது.

அந்த வருஷம் பார்த்துத்தான் அவளுக்குப் படி ஏறவேண்டியிருந்தது.

எங்கள் ஊர் திருத்தணி மலைக்கோயிலில் ஆங்கில வருஷம் முடிகிற நாளில் படித்திருவிழா. அன்று காலையிலேயே பஜனைக் கோஷ்டிகள் அடிவாரத்தில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே மேலே போவார்கள். தேவகிக்கு நல்ல குரல். ஆனால் கல்யாணமான நாள்முதல் அவளை நான் மலைப்பாதையில் ஆட்டோவில்தான் கூட்டிப்போவேன். மேலே உட்கார்ந்து கோஷ்டி வரும்வரை காத்திருப்பாள். பாட்டு கீழேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவருவதை எட்டிப்பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து கோஷ்டி ஆரம்பித்தார்கள். தேவகிதான் முதலடி எடுத்துக்கொடுக்க வேண்டும், மற்றவர்கள் வாங்கிப் பாடவேண்டும் என்று பேச்சு. முதலடி பாடுகிறவள் ஆட்டோவில் போனால் எப்படி?

சென்னையில் காலிப்பர் செய்துகொடுத்தவருக்குப் போனில் படம் அனுப்பிக் கேட்டோம். புதிதாக அளவெடுத்துச் செய்ய நாள் ஆகும் என்றார். பழைய ஓட்டைக்கு மேலே ஒரு விரல் தள்ளிப் புதிதாக ஓட்டை போட்டு ரிவிட் அடித்தால் இப்போதைக்குத் தாங்கும் என்றார். “ஒண்ணு பாத்துக்கங்க. எவர்சில்வர் முரட்டு சாமான். சின்ன பிட்டு உள்ள ஒடிஞ்சி மாட்டிகிச்சுன்னா எடுக்க முடியாது. பட்டையே போச்சு” என்றும் சொன்னார்.

லேத் பட்டறையில் கேட்டபோது விட்டுவிட்டுப் போங்கள், இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றார்கள். தேவகி ஒத்துக்கொள்ளவில்லை. “கால அங்க வுட்டுட்டு நான் இன்னா பண்றது? நீங்களே போடுங்க” என்றாள்.

தங்க நிறப் பெட்டி

மோட்டார்க்காரனுக்கு டிரில் தெரியாதா என்று நினைப்பீர்கள். எனக்குத் தெரிந்தது தாமிரக் கம்பி. டிரில் மெஷின் இருந்தது, அதற்கு ஒரு ஸ்டாண்டும் இருந்தது. பலகையில் சுவிட்சு மாட்ட, சுவரில் ஆணி அடிக்க என்று ஓட்டை போடுவேன். அதற்கு எந்த பிட் ஆனாலும் போகும்.

இன்னொன்று, கடையில் நின்று கேள்வி கேட்க எனக்கு வராது. பின்னால் ஒரு ஆள் வந்து நின்றாலே கொடுத்ததை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். கனகம்மாசத்திரத்தில் பஸ் ஸ்டாப் பக்கம் தார்ப்பாய் விரித்து ஒருவர் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். “சின்ன பிட்டு, நல்லதா” என்று மட்டும் சொன்னேன். பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக, எல்லாம் தங்கம் மாதிரி பளபளவென்று இருந்தன. வெயிலில் கண் கூசியது. பேசாமல் வாங்கிவந்துவிட்டேன்.

தேவகி பெட்டியைத் திறந்து பார்த்தாள். “யாருக்குக் கல்யாணம்?” என்றாள்.

பிறகு சமையலறைக்குப் போய் ஒரு எவர்சில்வர் கரண்டியோடு வந்தாள். “மொதல்ல என் கால்ல கைய வெக்காதீங்க. இதுல போட்டுக் காட்டுங்க.”

கரண்டிக் காம்பை வைஸில் பிடித்து, சின்ன பிட்டை மாட்டி மெஷினை இறக்கினேன். ‘கீ’ என்று ஒரு சத்தம். துருவல் ஒன்றும் வரவில்லை, புகைதான் வந்தது. பிட்டின் முனை நீலமாகி, கொஞ்சம் வளைந்து, ‘டிங்’ என்று ஒடிந்தது. கரண்டியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, அதற்குள் ஒடிந்த முனை. ஊசியால் நெம்பியும் வரவில்லை.

அந்தப் புள்ளியை இருவரும் பார்த்தோம். அது காலிப்பர் பட்டையில் விழுந்திருந்தால் என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்திருப்பாள்.

ஜரிகை உரசும் விரல்

தேவகி ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெசவுக் குடும்பம். சின்ன வயதில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை என்று ராட்டையில் தார் சுற்ற வைத்தார்கள். தறியில் ஓடும் நாடாவுக்குள் போகும் குச்சியில் நூலைச் சுற்றுவதுதான் தார். நாள் முழுக்க நூல் அவள் விரலுக்கு நடுவே ஓடும். எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எங்கே முடிச்சு என்று கண் பார்ப்பதற்கு முன் விரல் சொல்லிவிடும். சந்தையில் மஞ்சள் வாங்கினாலும், பிள்ளையாருக்கு அறுகம்புல் பறித்தாலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு உருட்டு உருட்டித்தான் எடுப்பாள்.

அவளுடைய நைனா, அதாவது அப்பா, ஜரிகை பார்ப்பதில் பெயர் எடுத்தவர். அசல் ஜரிகையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். போலியில் வேறு ஏதாவது தெரியும். நான் பெண் பார்க்கப் போனபோது கரை வைத்த வேட்டி கட்டியிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே என் வேட்டிக் கரையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் வெட்கத்தில் காலை மடக்கிக்கொண்டேன். கடைசியில் வீட்டுக்குள்ளே பார்த்து, “ஆங், பையன் பரவால்ல. வேட்டிதான் போலி” என்றார். அப்படித்தான் சம்பந்தம் முடிவானது.

அந்த நைனாவின் மகள், தங்க நிற பிட் ஒன்றை எடுத்து அதன் வால் பக்கத்தில் என் சின்ன அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். தங்கம் உரிந்து சாம்பல் நிறம் தெரிந்தது. அரம் வெண்ணெயில் போவது போலக் கடித்தது.

“பூச்சு. உள்ள ஒண்ணுமில்ல” என்று பெட்டியை மூடிவிட்டாள். அவள் சொன்னதுதான் நடந்தது, கரண்டியே சாட்சி. அந்த நிமிஷம் எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. பிட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் எவ்வளவு சுலபமாக வழி கண்டுபிடித்துவிட்டாள் என்று.

மறுநாள் அவள் தம்பி முனிரத்தினம் வந்தான். பவர்லூம் பழுது பார்க்கிறவன், அக்கா புருஷனான என்னைப் பாவா என்பான். அக்கா கேட்டாள் என்று சென்னையிலிருந்து ஒரே ஒரு பிட் வாங்கி வந்திருந்தான். காகித உறையில் அது மட்டும் தனியாக, மங்கலான வைக்கோல் நிறத்தில் இருந்தது.

“பாவா, இது கோபால்ட் கலந்தது. எவர்சில்வருக்குன்னே கேட்டு வாங்கினேன்” என்றான்.

“இதுவும் மஞ்சளா கீதே” என்றாள் தேவகி. அரத்தை எடுத்தாள். அதே போல் வாலில் ஒரு இழுப்பு. அரம் கடித்தது.

“போலிதான். உன் தலையில கட்டிட்டான்” என்று அதைப் பழைய ஆணி போட்டுவைக்கிற டப்பாவில் தூக்கிப்போட்டாள்.

முனிரத்தினம் என்னைப் பார்த்தான். நான் அரத்தைப் பார்த்தேன்.

வாலும் வாயும்

படித்திருவிழா நெருங்கிவிட்டது. கடைசியில் தேவகியே கிளம்பினாள். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் பை, பைக்குள் அந்தக் கரண்டியும் என் அரமும். பஜார் தெரு ஹார்டுவேர் கடைக்கு ஆட்டோவில் போனோம். கடைக்காரர் கஜேந்திரன், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். அதனாலேயே நான் அந்தக் கடைக்குப் போகமாட்டேன்.

தேவகி கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். “சின்ன பிட்டு இருக்கறத எல்லாம் எடுத்து வைங்கண்ணா. பாத்துதான் எடுப்பேன்.”

கஜேந்திரன் கறுப்பு, வெள்ளை, வைக்கோல் நிறம் என்று நாலைந்து வகை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். அவள் ஒன்றை எடுத்துக் கண்ணை மூடி விரலில் உருட்டினாள். “இது கோணல்.” இன்னொன்று. “இது நேரு.” இன்னொன்று. “இது நுனிகிட்ட மட்டும் கோணல்.”

கஜேந்திரன் நம்பவில்லை. கோணல் என்று அவள் ஒதுக்கியதைக் கண்ணாடிமேல் உருட்டிவிட்டார். அது தட்டுத்தட்டென்று குதித்துக்கொண்டு போனது. நேர் என்று சொன்னதை உருட்டினார். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் அவர் கையில் விழுந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், என் சிரிப்பு தெரியக்கூடாது என்று.

பிறகு அவள் பையிலிருந்து அரத்தை எடுத்து, அவர் தடுப்பதற்குள் ஒரு பிட்டின் வாலில் இழுத்துவிட்டாள். கடித்தது. அடுத்ததிலும் கடித்தது. அதற்கடுத்ததிலும் கடித்தது.

“இன்னாண்ணா, கடையில ஒண்ணுகூட அசல் இல்லையா?”

கஜேந்திரன் சிரிக்க ஆரம்பித்தார். “இன்னாம்மா நீ, வால்ல உரசிப் பாத்தா? வாலு மெதுவாத்தான் இருக்கும். அது மெஷினோட வாய்க்குள்ள போற எடம். நல்லா கவ்விப் புடிக்கணுமில்ல. வெட்டறது இந்தப் பக்கம். இங்க உரசு.”

முனைக்குப் பக்கத்தில் அவரே அரத்தை வைத்துக் காட்டினார். அரம் கண்ணாடியில் சறுக்குவது போல வழுக்கியது. ஒரு கோடுகூட விழவில்லை.

தேவகி அந்த பிட்டை வாங்கி, வாலைத் தடவினாள், முனையைத் தடவினாள். ஜரிகை எங்கே சுரண்டினாலும் ஒரே ஜரிகைதான். ஒரே சாமானுக்குள் இரண்டு குணம் இருக்கும் என்று நூல் பிடித்த விரலுக்கு எப்படித் தெரியும்?

“ஓகோ. வாலு மெதுவு, தல கெட்டி” என்றாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். “எங்க ஊட்டுக்காரரு ரெண்டு பக்கமும் மெதுவு.”

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் ஓடிவிடத் தோன்றவில்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு கடையில் நின்று கேள்வி கேட்டேன். “நல்லதுன்னு கண்ணால எப்பிடிங்க பாக்கறது?”

கஜேந்திரனுக்கு அது போதுமானதாக இருந்தது. பிட்டை வெளிச்சத்தில் முனை தெரிகிற மாதிரிப் பிடித்துக் காட்டினார். முனையில் வெட்டுகிற விளிம்பு இரண்டு, அதற்குப் பெயர் உதடு. இரண்டும் ஒரே நீளம் இருக்கவேண்டும். ஒன்று நீண்டால் ஓட்டை பெரிதாகும், பிட் ஆடி ஒடியும். அளவு வாலில் அழுத்தமாகப் பொறித்திருக்க வேண்டும், ஸ்டிக்கரில் இருந்தால் போதாது. சின்ன அளவைப் பெட்டியாக வாங்கக்கூடாது. எது தேவையோ அந்த அளவில் மட்டும் நல்லதாகத் தனியாக வாங்கி, கூட ஒன்று உபரி வைத்துக்கொள்ள வேண்டும். நீளமானதைவிடக் குட்டை நல்லது, வளையாது. நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்கவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது.

“எவர்சில்வருக்குன்னா கோபால்ட் கலந்தது வாங்கு. மெஷின மெதுவா ஓட்டு, கைய அழுத்தமா குடு. சும்மா மேலயே தேச்சிகினு இருந்தா அந்த எடம் கல்லா ஆயிடும். எண்ணெய் வுட்டுகினே இரு” என்றார்.

“கோபால்ட்டு குடுங்க” என்றேன்.

“அந்த அளவு தீந்து போச்சே. பொங்கல் கழிச்சு வரும்.”

தேவகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஆணி டப்பா ஞாபகம் வந்தது.

டப்பாவுக்குள்

அந்த டப்பாவில் என் பாதி வாழ்க்கை கிடக்கிறது. துருப்பிடித்த ஆணி, திருகு, ஒடிந்த ஊசி, சைக்கிள் கம்பி, நான் ஒடித்த பிட் துண்டுகள். பழைய பேப்பரில் கொட்டியபோது எல்லாம் ஒரே பழுப்பு நிறம். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேட ஆரம்பித்தேன்.

“தள்ளுங்க” என்றாள் தேவகி. கண்ணை மூடிக்கொண்டு விரலை அந்தக் குவியலுக்குள் விட்டாள். ஒவ்வொன்றாக விரலில் ஏறி, உருண்டு, கீழே விழுந்தது. ஆணி, ஆணி, கம்பி. நடுவில் ஒன்று உருண்டபோது அவள் முகம் மாறியது.

“இதுதான்” என்றாள். கண்ணைத் திறக்காமலே என்னிடம் நீட்டினாள்.

அன்றைக்கும் வந்திருந்த முனிரத்தினம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “பாவா, நான் வாங்கினு வந்தத எங்க அக்கா ஆணி டப்பாவுலதான் போட்டுச்சி. நல்லவேள, குப்பத்தொட்டியில போடல.”

“போட்டிருந்தா நீதான்டா தேடியிருப்ப” என்றாள் அக்கா.

பிட்டைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு உதடும் ஒரே அளவு. முனைக்குப் பக்கத்தில் அரம் வழுக்கியது. முதலில் கரண்டியில், அந்தக் கறுப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். மெதுவாக, அழுத்தமாக. இந்த முறை ‘கீ’ சத்தம் இல்லை. ‘கிர்ர்’ என்று சோளம் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். முனையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வெள்ளைச் சுருள் ஒரே அளவில் எழும்பி, எண்ணெயில் நனைந்து மினுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

தேவகி அந்தச் சுருளை எடுத்து நகத்தால் நீவிப் பார்த்தாள். “ஜரிக மாதிரியே கீது” என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

அதற்குப் பிறகுதான் காலிப்பரை வைஸில் பிடித்தேன். இந்தக் கதையை ஆரம்பித்தேனே, அந்த மத்தியானம் இதுதான்.

ஓட்டை வரவேண்டிய இடத்தில் புள்ளி குத்தினேன், முனை வழுக்காமல் இருக்க. தேவகி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். முனிரத்தினம் பட்டையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டான். மெஷினை இறக்கினேன். சுருள் வந்தது. கொஞ்சம் இறக்கித் தூக்கினேன், துருவலைத் துடைத்தேன், மறுபடி இறக்கினேன். பட்டையின் அடிப்பக்கம் முனை எட்டிப்பார்க்கிற நேரத்தில் மெஷின் லேசாகத் துள்ளியது. பிட் ஒடிகிற இடம் அதுதான். என் கை நின்றுவிட்டது.

“வுடாதீங்க” என்றாள் தேவகி. குரலில் கேலி இல்லை. “மெதுவா.”

மெதுவாக இறக்கினேன். ‘க்’ என்று ஒரு சின்ன சத்தத்தோடு பிட் அந்தப் பக்கம் போனது. வெளியே எடுத்துப் பார்த்தேன். முழுதாக இருந்தது. முனை நீலமாகக்கூட இல்லை. பட்டையில் ஒரு சுத்தமான வட்டம், அதன் வழியாகத் தேவகியின் சேலை நிறம் தெரிந்தது.

முனிரத்தினம் ரிவிட் அடித்துக்கொடுத்தான். படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம். போதும் என்று பதில் வந்தது. தேவகி காலை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, பூட்டை விழவிட்டு, பின்வாசல் படியில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். பிறகு உலை வைக்கப் போய்விட்டாள்.

மலைப்படி

படித்திருவிழாவன்று வெயில் வருவதற்குள் கோஷ்டி அடிவாரத்தில் கூடியது. கற்பூர வாசனையும் ஈரச் சேலை வாசனையும். தேவகி முதலடியை எடுத்தாள், பெண்கள் வாங்கிப் பாடினார்கள். ஒவ்வொரு படிக்கும் பாட்டு நிற்பதால் அவள் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை. ஊன்றுகோலை வைத்து, நல்ல காலை வைத்து, பிறகு இடது காலை இழுத்து வைத்தாள். அவள் வேகத்துக்குத்தான் கோஷ்டியே ஏறியது. மேலே உட்கார்ந்து காத்திருந்த வருஷங்களில் பாட்டு ஏன் இவ்வளவு மெதுவாக ஏறிவருகிறது என்று சலித்துக்கொள்வாள். இந்த முறை அந்த மெதுவே அவளுக்கு வசதியாகப் போயிற்று.

நான் அவளுக்கு இரண்டு படி கீழே, கற்பூரப் பையோடு வந்துகொண்டிருந்தேன். சேலைக் கொசுவம் விலகும்போதெல்லாம் ரிவிட்டின் தலை மினுங்கியது. ஒவ்வொரு படியிலும் குனிந்து பார்த்தேன். ஆடுகிறதா, சாய்கிறதா, சத்தம் வருகிறதா.

பாதி மலையில் மண்டபத்தில் கோஷ்டி மூச்சு வாங்க நின்றது. தேவகி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

“இன்னாங்க, ஒவ்வொரு படிக்கும் குனிஞ்சி குனிஞ்சி பாத்துகினே வர்றீங்க. எதனா தொலச்சிட்டீங்களா?”

“ரிவிட்டு” என்றேன்.

“அது அங்கியேதான் கீது. நீங்க மேல பாத்து ஏறுங்க.”

சொல்லிவிட்டு அடுத்த பாட்டின் முதலடியை எடுத்தாள். மண்டபத்துக் கல்லில் பட்டு அவள் குரல் பெரிதாகக் கேட்டது. கற்பூரப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். அதன் பிறகு நான் குனியவில்லை.

எழுதி முடித்தது: தை மூன்றாம் நாள், காணும் பொங்கலன்று, திருத்தணி.